மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு வைரஸ்

கொரோனா தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்த வைரஸ் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்துவைத்தது. நிபா வைரஸின் கதை இதற்கு நேர்மாறானது. அது தொற்றியவர்களில் 40 முதல் 75 விழுக்காட்டினர் இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 1998இல் முதன்முதலாகத் தலைகாட்டி, கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் உலகம் முழுவதும் அது தொற்றியதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. கொல்வதில் இத்தனை வல்லமை கொண்ட கிருமி, பரவுவதில் ஏன் இவ்வளவு சோனியாக இருக்கிறது? சோனிதான் என்றால், கேரளத்தில் ஒரே ஒருவருக்கு நிபா என்ற செய்தி வந்ததும் மாநிலம் முழுவதும் ஏன் பதறுகிறது?

இரண்டு கேள்விகளுக்கும் விடை 2018 மே மாதத்துக் கோழிக்கோட்டில் கிடைக்கிறது.

கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரை பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மே மாதத் தொடக்கத்தில் காய்ச்சலோடு பேராம்பிரை தாலுகா மருத்துவமனையில் சேர்ந்தார். நிலைமை மோசமாகவே, மே 5 அன்று கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தலையை ஸ்கேன் எடுப்பதற்காகத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது அவருக்கு ஓயாத இருமல். அன்றே இறந்துவிட்டார். மூளைக்காய்ச்சலில் ஒருவர் இறப்பது எந்தப் பெரிய அரசு மருத்துவமனைக்கும் புதிதல்ல என்பதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

அடுத்த சில வாரங்களில் அவரையும் சேர்த்து 23 பேருக்கு நோய் வந்ததாகப் பின்னாளில் வெளிவந்த ஆய்வறிக்கை கணக்கிட்டது. 18 பேருக்கு ஆய்வகச் சோதனையில் உறுதியானது. மற்றவர்கள் சோதனைக்கு முன்பே இறந்துபோனவர்கள். அறிகுறிகளையும் தொடர்பையும் வைத்துச் சேர்க்கப்பட்டவர்கள். 23 பேரில் 21 பேர் இறந்தார்கள். பிழைத்த இருவரில் ஒருவர் செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்த மாணவி. முதல் நோயாளியைத் தவிர மற்ற 22 பேருக்கும் நோய் மனிதரிடமிருந்தே வந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை வாங்கிய இடம் மருத்துவமனை. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர், கட்டிலருகே துணைக்கு இருந்தவர், அதே தாழ்வாரத்தில் வேறு எதற்கோ காத்திருந்தவர். பேராம்பிரையில் முதல் நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி மே 21 அன்று உயிரிழந்தார்.

ஒரு தொற்றுநோயின் ஆபத்தை அளக்க இரண்டு வெவ்வேறு எண்கள் உண்டு. நோய் வந்தவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பது இறப்பு விகிதம். நோய் வந்த ஒருவர் சராசரியாக இன்னும் எத்தனை பேருக்கு அதைக் கொடுக்கிறார் என்பது பரவல் எண். அச்சம் கொடிகட்டிப் பறக்கும் நேரத்தில் நாம் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறோம். கூட்டத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பதோ இரண்டாவது எண்.

அடுப்பில் விறகு எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காய்ந்த சுள்ளி ஒன்று பற்றினால் பக்கத்தில் இருக்கும் நாலைந்தும் பற்றிக்கொள்ளும். கவனிக்காவிட்டால் குவியல் முழுவதும் போய்விடும். ஈர விறகை வையுங்கள். நெருப்பு பட்ட துண்டு கரியாகிவிடலாம், ஆனால் அடுத்த துண்டுக்குத் தீ தாவாமல் அணைந்துவிடும். பரவல் எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் காய்ந்த சுள்ளி. ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஈர விறகு. பற்றிய துண்டுக்கு என்ன ஆயிற்று என்பது இறப்பு விகிதம். அந்தத் துண்டு முழுவதும் கரியானாலும் குவியல் தப்பிக்கும். ஆனால் ஈர விறகையும் எரியவைக்கலாம், விடாமல் ஊதுகுழலால் ஊதினால். நெரிசல் மிகுந்த மருத்துவமனை நிபாவுக்கு ஊதுகுழலாகிவிடுகிறது.

நிபாவின் பரவல் எண் நமக்கு எப்படித் தெரியும்? இதற்கான மிக நல்ல சான்று வங்கதேசத்திலிருந்து வந்தது. அங்கே 2001 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நிபா தோன்றுகிறது. ஈச்சமரத்தில் கலயம் கட்டி இறக்கும் பச்சைச் சாறுதான் அங்கே முக்கியமான வழி. இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து, சாறு வடியும் இடத்தை நக்குவதையும் அங்கேயே சிறுநீர் கழிப்பதையும் ஆய்வாளர்கள் அகச்சிவப்புக் கேமரா வைத்துப் படம்பிடித்தார்கள். அந்தச் சாற்றைக் காய்ச்சாமல் காலையில் குடிப்பவருக்கு வைரஸ் வந்துசேர்கிறது. ஒவ்வொரு முறை நோய் தோன்றியபோதும் ஆய்வாளர்கள் கிராமத்துக்குப் போய், யார் யாரைத் தொட்டார், யார் யாருக்குச் சோறு ஊட்டினார், பிணத்தை யார் குளிப்பாட்டினார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். 14 ஆண்டுகள் இப்படிச் சேர்த்த குறிப்புகளின் அலசல் 2019இல் வெளிவந்தது. மொத்தம் 248 நோயாளிகள். அவர்களில் 82 பேருக்கு மட்டுமே இன்னொரு மனிதரிடமிருந்து நோய் வந்திருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் பரவல் எண் 0.33. மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்குக் கொடுக்கிறார்கள் என்று பொருள். மிகவும் ஈரமான விறகு.

இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது, ஏனென்றால் சராசரிக்குள் ஒரு மறைவு இருக்கிறது. வங்கதேச நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஒருவருக்குக்கூட நோயைக் கொடுக்கவில்லை. மிகச் சிலர் பலருக்குக் கொடுத்தார்கள். இரண்டையும் கூட்டி வகுத்தால் 0.33 வருகிறது. அந்தச் சிலர் யார் என்று பார்த்தபோது இரண்டு அடையாளங்கள் தெரிந்தன: 45 வயதைக் கடந்தவர்கள், மூச்சுத்திணறல் இருந்தவர்கள். இரண்டும் சேர்ந்திருந்த நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பரவல் எண் 1.1. அதாவது ஒன்றைத் தாண்டிவிடுகிறது.

மூச்சுத்திணறல் ஏன் இவ்வளவு முக்கியம்? நிபா உடலில் இரண்டு இடங்களைக் குறிவைக்கிறது, மூளையும் நுரையீரலும். மூளையில் மட்டும் வீக்கம் இருந்தால் நோயாளி மயங்கிக் கிடப்பார், வலிப்பு வரும், உயிரும் போகலாம்; ஆனால் வைரஸ் வெளியே வர வழி குறைவு. நுரையீரலும் தொண்டையும் பாதிக்கப்பட்டால் ஒவ்வோர் இருமலிலும் எச்சில் துளிகளோடு வைரஸ் தெறிக்கும். அந்தத் துளிகள் கனமானவை, காற்றில் நெடுந்தொலைவு போகாமல் பக்கத்தில் இருப்பவர்மேலும் படுக்கைமேலும் விழும். கோழிக்கோட்டில் 23 பேரில் 20 பேருக்கு மூச்சு சார்ந்த அறிகுறிகள் இருந்தன. 1998–99இல் மலேசியாவில் நோய் பெரும்பாலும் மூளையோடு நின்றுவிட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அங்கே பரவியது மிக அரிது.

இன்னொரு காரணம், என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, பரவும் நேரம். கொரோனாவில் தொண்டை கரகரப்பதற்கு முன்பே ஒருவர் பிறருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் அது பரவியதற்கு அதுவே காரணம். நிபா நோயாளி பிறருக்கு அதிகம் கொடுப்பது நோய் முற்றிய கட்டத்தில், பலவேளைகளில் சாவுக்கு ஓரிரு நாள் முன்பு. அந்த நேரத்தில் அவர் சந்தைக்குப் போகமாட்டார். படுத்த படுக்கையாக இருப்பார், அதுவும் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில். எனவே ஊர் தப்பிக்கிறது. அருகில் நிற்பவர் மாட்டிக்கொள்கிறார்.

அருகில் நிற்பவர் யார் என்பது நம் நாட்டில் தனிக் கேள்வி. நம் மருத்துவமனைகளில் நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுவது, வாய் துடைத்துவிடுவது, வாந்தியை அள்ளுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது எல்லாம் கூட இருக்கும் உறவினர்கள். அம்மா, அண்ணி, சித்தப்பா. செவிலியர் எண்ணிக்கை போதாத குறையைக் குடும்பத்தின் அன்பு நிரப்புகிறது. அந்த உறவினருக்கு யாரும் முகக்கவசம் தருவதில்லை. கை கழுவ வார்டுக்குள் சோப்பு இருக்காது. கோழிக்கோட்டு ஆய்வு தொற்றுக்கான காரணங்களாகச் சுட்டியவை மூன்று: நோயாளியைத் தொடுதல், ஊட்டுதல், பணிவிடை செய்தல். கவனித்துக்கொண்டவர்களே பலியானார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை.

நோயின் பெயரைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு முந்தைய இரண்டு நிகழ்வுகள் சாட்சி. 1998 செப்டம்பரில் மலேசியாவின் ஈப்போ அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அது கொசுவால் வருவது. எனவே கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. கூர்ந்து பார்த்தவர்களுக்குச் சில பொருத்தமின்மைகள் தெரிந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கும் வயதினர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். கொசு எல்லாரையும்தான் கடிக்கும். இந்த நோயோ பன்றியோடு பழகியவர்களை மட்டும் பிடித்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்து, உறுதிப்படுத்த அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்தது, 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் நடந்தது இன்னும் கசப்பானது. 66 பேருக்கு மர்மக் காய்ச்சல் வந்தது. பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்களும் நோயாளியைப் பார்க்க வந்தவர்களும். சேமித்து வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்து, அது நிபாதான் என்று ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 2006இல்.

இந்தப் பின்னணியில் கோழிக்கோட்டு மருத்துவர்கள் செய்ததைப் பார்க்க வேண்டும். மே 17 அன்று, இறந்துபோன இளைஞரின் சகோதரர் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். காய்ச்சல், குழப்பம், கட்டுக்கடங்காத இதயத்துடிப்பு, உயர்ந்த ரத்த அழுத்தம். மருத்துவர்கள் நோயாளியின் உடலைப் பார்த்ததோடு குடும்பத்தின் கதையையும் கேட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அதே வீட்டில் இன்னொருவர் இதேபோல் இறந்திருக்கிறார். தந்தைக்கும் அத்தைக்கும் காய்ச்சல். கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் ஒரே வீட்டில் அடுத்தடுத்து இப்படி ஆட்களைச் சாய்க்காது. மாதிரிகள் மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்கு, ஜி. அருண்குமாரின் குழுவிடம் போயின. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் மே 20 அன்று நிபாவை உறுதிசெய்தது. அந்த வீட்டின் இரண்டாவது நோயாளியிலேயே பிடித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். இதில் பெரிய கருவி எதுவும் முதல் அடியை எடுத்துவைக்கவில்லை, “வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?” என்ற கேள்விதான் எடுத்துவைத்தது.

அங்கீகரிக்கப்பட்ட மருந்து, தடுப்பூசி எதுவும் இல்லாத நோயை அதன் பிறகு எப்படி நிறுத்தினார்கள்? நோயரும்பு காலம் என்பது, கிருமி உடலுக்குள் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தோன்றும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. கோழிக்கோட்டில் அது 6 முதல் 14 நாள்வரை இருந்தது. நடு எண் ஒன்பதரை நாள். இந்த இடைவெளியில் தொற்றியவர் பிறருக்கு நோயைக் கொடுப்பதாகத் தெரியவில்லை. ஆகவே நோயாளியோடு நெருங்கியவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, அவர்களை வீட்டில் இருத்தி, நாள்தோறும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தால், தொற்றியவருக்கு இருமல் தொடங்குமுன் தனி அறைக்குக் கொண்டுபோய்விடலாம். தொடர்பாளர்களைத் தடமறிதல் என்பது இதுதான். 2,600க்கும் மேற்பட்டவர்களை இப்படிக் கண்காணித்தார்கள். நோயாளி எந்த மணிக்கு எந்த வார்டில், எந்த வரிசையில் நின்றார் என்று கேமராப் பதிவுகளையும் வருகைப் பதிவேடுகளையும் வைத்துத் தேடினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் எதிர்ப்பொருள் மருந்து வரவழைக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தும் தேவை எழுவதற்குள் சங்கிலி அறுந்துவிட்டது.

மக்களின் அச்சமோ வேறு பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நோயாளியின் வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்தன என்றதும் எல்லாப் பார்வையும் கிணற்றின்மேல். அவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். சோதனையில் அவற்றிடம் வைரஸ் இல்லை. அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோதுதான் வைரஸ் கிடைத்தது. அதன் மரபணு வரிசை நோயாளிகளிடம் கிடைத்ததோடு ஏறக்குறைய முழுவதும் ஒத்துப்போனது. ஆனால் அது முதல் நோயாளியின் உடலுக்குள் எந்த வழியாகப் போனது என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. பழக்கடைகள் ஈயோட்டின. வளைகுடா நாடுகள் கேரளப் பழங்களுக்குத் தடை போட்டன. பேராம்பிரை மருத்துவமனைச் செவிலியர்கள் பேருந்தில் ஏறினால் பக்கத்தில் உட்கார ஆளில்லை. நோய் இல்லாத இடங்களில் எல்லாம் அச்சம் இருந்தது. நோய் உண்மையில் பரவிய இடமான தாழ்வாரத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

மரத்தை வெட்டி வௌவாலைத் துரத்துவதால் பயன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது இடம் மாறிப் போகும். வைரஸும் கூடவே போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாடு, புதுச்சேரி உட்படப் பல பகுதிகளின் வௌவால்களிடம் நிபா தொற்றின் தடயத்தைக் கண்டிருக்கிறது. வௌவால்கள் நம்மோடு காலகாலமாக வாழ்பவை. அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அந்த வழக்கத்தை விட வேண்டியதில்லை. கடிபட்ட பழத்தைத் தின்னாமல் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினால் போதும்.

2018க்குப் பிறகு கேரளம் கற்றுக்கொண்டதா? 2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது. உடனே தனிமைப்படுத்தினார்கள், அவர் பிழைத்தார், வேறு எவருக்கும் பரவவில்லை. 2021இல் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் இறந்தான். பல மருத்துவமனைகளைக் கடந்து வந்த பிறகே அவனுக்கு நிபா என்று தெரிந்தது, ஆனாலும் யாருக்கும் தொற்றவில்லை. இதை முழுக்க முழுக்கத் தயார்நிலையின் வெற்றி என்று நான் எழுதமாட்டேன். சிறுவர்கள் அதிகம் பரப்புவதில்லை என்ற வங்கதேசக் கண்டறிதலோடு இது ஒத்துப்போகிறது. 2023இல் உண்மை மறுபடியும் முகத்தில் அறைந்தது. ஆகஸ்ட் 30 அன்று இறந்த ஒருவருக்கு நிபா என்று யாரும் நினைக்கவில்லை. செப்டம்பர் 11 அன்று இரண்டாவது மரணம் நடந்த பிறகுதான் சோதனை நடந்தது. மொத்தம் ஆறு பேருக்கு நோய், அவர்களில் ஒருவர் மருத்துவமனை ஊழியர். நான்கு பேரைக் காப்பாற்றிவிட்டார்கள் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் பரவிய இடம் அதே மருத்துவமனைத் தாழ்வாரங்களும் வார்டுகளும்தான். பிறகு 2024, 2025 ஆண்டுகளிலும் வடகேரளத்தில் நிபா எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஒவ்வொரு முறையும் வாளையாறு, நாடுகாணி போன்ற தமிழ்நாடு–கேரள எல்லைச் சாவடிகளில் நம் சுகாதாரத் துறை வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நோயரும்பு காலத்தில் இருப்பவருக்குக் காய்ச்சல் இருக்காது, அவர் அந்த நேரத்தில் யாருக்கும் கொடுக்கவும்மாட்டார். நோய் முற்றியவர் சாவடியைத் தாண்டி நேரே போகும் இடம் கூடலூரிலோ பொள்ளாச்சியிலோ உள்ள மருத்துவமனை. அங்கே இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு, மூளைக்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறதா? இருமும் நோயாளியை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க ஓர் அறை இருக்கிறதா? பாதுகாப்பு உடையை மாட்டுவதைவிடக் கழற்றும்போதுதான் கையில் கிருமி ஒட்டும், கழற்றிப் பழகியிருக்கிறார்களா? துப்புரவுப் பணியாளருக்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருக்கும் அந்தப் பயிற்சி கிடைத்திருக்கிறதா? தயார்நிலையை அளக்க விரும்பும் அரசு முதலில் எண்ண வேண்டியது வென்டிலேட்டர்களை மட்டும் அல்ல. வார்டுக் குழாயடியில் உள்ள சோப்பையும், கட்டில்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும், ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். இவை நிபாவுக்கு மட்டுமான செலவும் அல்ல. காசநோயும் அம்மையும் அதே தாழ்வாரத்தில்தான் பரவுகின்றன.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள். துணைக்கு ஒருவர் போதும், அவரும் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். ஊட்டிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலோடு குழப்பமோ மூச்சுத்திணறலோ இருப்பவரை அழைத்துப்போனால், அண்மையில் வீட்டிலோ உறவிலோ யாராவது இதேபோல் படுத்தார்களா, அவர் எந்த ஊருக்குப் போய்வந்தார், எந்த மருத்துவமனையில் இருந்தார் என்பதை மருத்துவர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.